ஜிப்சம் சுவரில் ஓட்டை: பூசுவதா, ஒட்டுப் போடுவதா, பலகையையே மாற்றுவதா?

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று விதமான சுவர்கள் இருக்கின்றன. பின்னால் குசினிக்கு மண்சுவர். போர் முடிந்து மீள்குடியேறிய 2010ஆம் ஆண்டில் மாமி புற்றுமண் குழைத்துத் தன் கையாலேயே எழுப்பியது அது. நடுவீடு சீமெந்துக் கல். இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கைக்கு வர, நாங்களே மேசன் பிடித்து, நாங்களே கல் சுமந்து கட்டிய 550 சதுர அடி. மூன்றாவது சுவர், பெரிய அறையை இரண்டாகப் பிரிக்கும் ஜிப்சம் பலகைச் சுவர். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியபோது அவளுக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. கல் வைத்துப் பிரித்தால் அத்திவாரம் வெட்ட வேண்டும், இருக்கிற அறையிலும் அரையடி போய்விடும். பலகைச் சுவர் மூன்று அங்குலத்தில் முடிந்தது, இரண்டு நாளில் எழுந்தும் விட்டது.

அந்தச் சுவரில்தான் அலுமாரியை நகர்த்தும்போது மூலை குத்தி உள்ளங்கை அகல ஓட்டை விழுந்தது. பக்கத்து வீட்டு மேசன் அண்ணன் உடனே வந்தார். சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலவை போட்டு, ஓட்டைக்குள் பழைய சாக்குத் துண்டைத் திணித்து, மேலே பூசி மட்டம் தட்டி, மூன்று நாள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அவர் கைநேர்த்தியில் ஒரு குறையும் இல்லை. 2010இல் இந்தப் பக்கம் திரும்பிய எல்லோரும் சன்னமும் செல்துண்டும் துளைத்த கல்சுவர்களை அப்படித்தான் அடைத்தோம். அந்த அடைப்புகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் பலகைச் சுவரில் பூசியது கார்த்திகை மழையோடு கட்டியாகக் கழன்று விழுந்தது. உள்ளங்கை அளவு ஓட்டை சாப்பாட்டுத் தட்டளவு ஆனது.

அதன்பிறகு ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தேன். வன்னியில் இப்போது கடைகளிலும் அலுவலகங்களிலும் மட்டுமல்ல, வீடுகளிலும் இந்தப் பலகை வந்துவிட்டது. அதைப் பழுதுபார்க்கும் கைப்பழக்கம் மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை. என்னைப்போல் ஒரு தடவை பிழையாகச் செய்துவிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சீமெந்து ஏன் பிடிக்கவில்லை

ஜிப்சம் பலகை என்பது இரண்டு தடித்த கடதாசிகளுக்கு நடுவே உறைந்த ஜிப்சம். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடும் மாக்கட்டும் இதே பொருள்தான். பலகையின் பலத்தில் பெரும்பங்கு அந்தக் கடதாசியில் இருக்கிறது. நடுவில் இருப்பதை நகத்தாலேயே சுரண்டி எடுக்கலாம்.

சீமெந்து இறுகுவதற்கு ஈரம் வேண்டும், அதுவும் பல நாளைக்கு. கல்சுவர் அந்த ஈரத்தைத் தாங்கும். ஜிப்சமோ ஈரத்தில் இளகும், கடதாசி உரியும். சீமெந்து தண்ணீர் குடித்துப் பலம் பெறும் அதே மூன்று நாளில், அது பிடித்துக்கொள்ள வேண்டிய ஓரம் பலமிழந்து போகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஈரம் இருக்கும்வரை சீமெந்தில் உள்ள அலுமினியச் சேர்வைகளும் ஜிப்சமும் சேர்ந்து புதிய பளிங்குகளை உண்டாக்கும். அவை பருத்து, சேர்ந்த இடத்தைப் பிளக்கும். சீமெந்து செய்யும்போதே, உடனே இறுகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஜிப்சம் கலக்கிறார்கள் என்பது உண்மைதான். அந்த அளவோடு நின்றால் அது உதவி, ஈரச்சுவரில் அளவில்லாமல் சேர்ந்தால் கேடு.

மாமியின் மண்சுவருக்கும் இதே கதைதான். அங்கே ஒரு மூலையைச் சீமெந்தால் பூசினோம். மண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கியது, மேலே பூசிய ஓடு அசையாமல் நின்றது. இரண்டே மாரியில் ஓடு தனியாகக் கழன்றது. மண்ணைக் குழைத்து அடைத்துச் சாணியால் மெழுகிய மற்ற மூலை அப்படியே இருக்கிறது. மண்ணுக்கு மண், கல்லுக்குச் சீமெந்து, ஜிப்சத்துக்கு ஜிப்சம். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள்.

அடைப்பதற்கு முன் தட்டிப் பாருங்கள்

ஓட்டை எதனால் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. கதவுக் கைப்பிடி இடித்தது, அலுமாரி குத்தியது, ஆணி பிடுங்கியது என்றால் கவலையில்லை, சுவர் நல்ல சுவர். ஆனால் யாரும் இடிக்காமல் தானாக ஓட்டை விழுந்திருந்தால், அதைச் சுற்றி ஓரடி தூரத்துக்கு விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை ஒரே சீராகக் கணகணவென்று ஒலிக்கும். கறையான் தின்ற இடத்தில் ஒலி செத்துக் கேட்கும், பெயின்ற் தோல்போல அமுங்கும்.

கறையான் ஜிப்சத்தைத் தின்பதில்லை, கடதாசியைத் தின்கிறது. கடதாசி போனால் பலகையின் பலமும் போய்விடும். வயலோரமும் காட்டோரமும் புற்று நிறைந்த நம் ஊர்களில் இது அரிதான விடயம் அல்ல. நிலவெடிப்பு வழியாக மேலேறி, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இருட்டில் மண்குழாய் கட்டிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஓட்டையைப் பூசி மறைத்தால் உள்ளே இருப்பது தெரியாமல் போகுமே தவிர நிற்காது. மண்குழாய் எங்கிருந்து வருகிறது என்று தேடி, நிலத்தில் மருந்து போட்டு, கெட்ட பகுதியை முழுதாக வெட்டி எடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு. ஈரம் பட்டு மஞ்சள் வட்டம் விழுந்திருந்தாலும் அப்படியே. முதலில் கூரை ஒழுக்கை நிறுத்துங்கள்.

ஆணித்துளைகள்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. துளையைச் சுற்றிப் பிதுங்கிய ஓரத்தைக் கத்திப்பிடியால் உள்ளே அமுக்கி, புட்டி தடவி, காய்ந்ததும் தேய்த்தால் சரி. பற்பசையால் அடைக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். அது சுருங்கி வெடிக்கும், பெயின்ற்றும் அதில் சரியாக ஒட்டாது.

கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "சுவருக்குப் புட்டி" என்றால் பெரும்பாலும் கல்சுவருக்கான வெள்ளைச் சீமெந்துப் புட்டிதான் கைக்கு வரும். ஆணித்துளைக்கு அது சமாளிக்கும். ஆனால் பலகைச் சுவர் சற்று அசையும் சுவர். அதன் மூட்டுகளிலும் ஒட்டுகளிலும் அந்தப் புட்டி மயிர்போல வெடிக்கும். ஜிப்சம் பலகைக்கான ஜொயின்ட் கொம்பவுண்ட் (மூட்டுப் பூசும் பசை) வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வலையா, காது வைத்த துண்டா, உள்தாங்கியா

விரல் நுழையும் அளவிலிருந்து ஓரடி வரையான ஓட்டைகளில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. வெறும் புட்டி இங்கே நிற்காது. பின்னால் வெற்றிடம், பிடிக்க எதுவும் இல்லை.

எளிய வழி வலை. ஒட்டும் பசையோடு வரும் கண்ணாடி நார் வலையை ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் மூன்று முறை மெல்லியதாகப் பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட இரண்டு அங்குலமாவது அகலமாகப் போக வேண்டும். பலகை வெட்டத் தெரியாதவரும் செய்யலாம், அரைமணி நேர வேலை. இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டைக்கு நானும் இதையே செய்வேன். அதற்கு மேலே போனால் இரண்டு குறைகள் தெரியவரும். வலையின் தடிப்பை மறைக்கப் பூசிப் பூசிச் சுவர் அந்த இடத்தில் மேடாகிவிடும். பகலில் தெரியாது, இரவில் பக்கவாட்டு வெளிச்சத்தில் வீங்கிய கன்னம்போலத் தெரியும். அடுத்தது, பின்னால் பலகை இல்லாததால் அதே கதவுக் கைப்பிடி இன்னொரு முறை இடித்தால் மறுபடியும் ஓட்டைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது வழி. எங்கள் வீட்டில் அதைக் காது வைத்த துண்டு என்று சொல்லுகிறோம். கடைகளுக்கு உள்வேலை செய்பவர்கள் எறியும் பலகைத் துண்டு ஒன்று போதும், கேட்டால் சும்மாவே தருவார்கள். முதலில் சுவரில் உள்ள கோணல் ஓட்டையை அரிந்து சதுரமாக்குங்கள். வெட்டும் முன் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துங்கள். பலகைக்குப் பின்னால் வயர் ஓடுவது வெளியே தெரியாது, வாளை ஆழமாக விடவும் கூடாது. பிறகு துண்டுப் பலகையை அந்தச் சதுரத்தைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அதைக் கவிழ்த்து, பழுப்பு நிறப் பின்பக்கத்தில் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே நான்கு கோடு கீறி, கோட்டில் முறியுங்கள். ஓரத்து ஜிப்சத்தை முன்பக்கக் கடதாசியிலிருந்து மெல்ல உரித்தெடுங்கள். இப்போது நடுவில் ஓட்டை அளவுக்கு ஜிப்சக் கட்டி, அதைச் சுற்றி நான்கு பக்கமும் கடதாசிக் காது.

சுவரில் ஓட்டையைச் சுற்றிக் கொம்பவுண்ட் தடவி, துண்டை உள்ளே பொருத்தி, காதுகளைக் கத்தியால் வெளிநோக்கி இழுத்து அழுத்தினால் கூடுதலான பசை பிதுங்கி வெளியே வரும். காற்றுக்குமிழ் இருந்தால் அந்த இடம் பிறகு கொப்பளிக்கும் என்பதால் இந்த அழுத்தலில் மட்டும் பொறுமை வேண்டும். காய்ந்ததும் இரண்டு மெல்லிய பூச்சு. ஆணி இல்லை, கட்டை இல்லை, நாடா இல்லை. காது கடதாசித் தடிப்புத்தான் என்பதால் மேடு மிகச் சிறியது, ஓட்டைக்குள் இருப்பதும் முழுத் தடிப்புள்ள பலகை. இரண்டு முதல் ஆறு அங்குலம் வரை இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் முடிவு. குறையென்றால், துண்டும் சுவரும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். சீலிங்குக்குப் போட்ட 9 மில்லிமீற்றர் துண்டைக் கொண்டுவந்து 12.5 மில்லிமீற்றர் சுவரில் வைத்தால் வேலைக்காகாது. இன்னொன்று, முதல் துண்டை உரிக்கும்போது காதைக் கிழிக்காதவர் யாரும் இல்லை. இரண்டு துண்டு வாங்கி வையுங்கள்.

மூன்றாவது வழி உள்தாங்கி. ஓட்டையைச் சதுரமாக வெட்டி, அதைவிட நீளமான இரண்டு சட்டங்களைச் சாய்த்து உள்ளே விட்டு, சுவரின் முன்பக்கத்திலிருந்து திருகாணி முடுக்கி நிறுத்த வேண்டும். புதிய துண்டை அந்தச் சட்டங்களின் மேல் வைத்து முடுக்கி, நான்கு ஓரத்துக்கும் நாடா ஒட்டிப் பூச வேண்டும். ஆறு அங்குலத்திலிருந்து ஓரடி வரை இதுதான் பலமான ஒட்டு. மற்ற ஊர்க்காரர்கள் சட்டத்துக்கு மரக்கட்டை வைக்கச் சொல்வார்கள். வன்னியில் வேண்டாம் என்பேன். இருட்டுக்குள் பச்சை மரத்துண்டு வைப்பது கறையானுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். பலகைச் சுவருக்குப் போடும் நாகம் பூசிய தகரச் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் அந்தக் கவலை இல்லை. ஓரடியைத் தாண்டினால் நடுவில் சட்டம் வைப்பதை விட்டு, பலகையைத் தாங்கி உள்ளே நிற்கும் இந்தப் பக்கத் தூணிலிருந்து அந்தப் பக்கத் தூண்வரை பலகையை வெட்டியெடுத்துப் புதியதை முடுக்குவதே நல்லது. தூண் எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தைச் சுவரில் நகர்த்துங்கள். திருகாணி இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று கிடைத்தால் அடுத்தது வழக்கமாக 16 அல்லது 24 அங்குலத்தில் இருக்கும்.

எங்கள் தட்டளவு ஓட்டைக்கு இந்த மூன்றாவது வழியைத்தான் கையாண்டேன். மேசன் அண்ணன் தானே வந்து சட்டம் பிடித்தார். மட்டம் பார்க்கும் கண் அவருக்கு இருந்ததால் பூச்சு என்னுடையதைவிடப் பல மடங்கு சீராக வந்தது.

வாளியா, மாவா, எந்த மாதத்தில்

கொம்பவுண்ட் இரண்டு வகை. வாளியில் குழைத்த நிலையில் வருவது தண்ணீர் வற்றுவதால் காய்கிறது. பையில் மாவாக வருவது தண்ணீரோடு சேர்ந்து உறைகிறது. பெயர் ஒன்றானாலும் குணம் வேறு.

வாளிப்பசை தடவ இலகு, தேய்க்க இலகு, மூடி வைத்தால் மீதியை அடுத்த ஓட்டைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பூச்சுக் காய ஒரு நாள் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடைக்காற்றும் மழையும் பிடித்திருக்கும் நாட்களில் இரண்டு நாளானாலும் உள்ளே ஈரம் நிற்கும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்து அடுத்த பூச்சைப் போட்டால் பிறகு அமுங்கி வெடிக்கும். மாரிகாலத்தில் மாவுதான் சரி. ஈரக் காற்றிலும் உறையும், வகையைப் பொறுத்து இருபது நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரத்தில் இறுகும், ஆழமான பள்ளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. குறை, இறுகியபின் தேய்க்கக் கடினம், பிசைந்ததை மீதம் வைக்க முடியாது. பெரிய பள்ளத்தை மாவால் நிரப்பி, மேல்பூச்சை வாளிப்பசையால் முடிப்பதே நான் கண்ட நல்ல சேர்க்கை.

மாவைக் கரைக்கும்போது தண்ணீரில் மாவைத் தூவுங்கள், மாவில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கட்டி விழும். ஏனத்தைக் கழுவாமல் இரண்டாம் முறை கரைக்கவே வேண்டாம். பழைய உறைந்த துகள்கள் பாலில் விட்ட உறைமோர்போல வேலை செய்யும். இருபது நிமிடம் கிடைக்கும் என்று நினைத்தது ஐந்து நிமிடத்திலேயே கல்லாகும். எனக்கு ஒரு முழு வாளி அப்படிப் போனது.

சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வேறு சிக்கல். பூச்சு நன்றாகவே காயும், ஆனால் கிரவல் வீதிப் புழுதி ஈரப் பூச்சில் படிந்து செம்மண் நிறம் ஏறும். யன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் மாசி, பங்குனிதான் இந்த வேலைக்குப் பொருத்தமான மாதங்கள்.

தேய்க்கும்போது வரும் வெண்தூள் மிக நுண்ணியது, வீடு முழுவதும் பரவும். வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால் அரத்தாளை விட்டு, பிழிந்த ஈரப் பஞ்சால் வட்டமாகத் தேயுங்கள். சற்று நேரம் எடுத்தாலும் தூள் எழாது. பிறகு மின்விளக்கை அணைத்து, டோர்ச் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். அடிப்பூச்சு அடிக்காமல் நேரே பெயின்ற் அடித்தால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் மங்கி நிற்கும்.

முழுப் பலகையை மாற்றுவது எப்போது

கறையான் ஒரு முழத்துக்கு மேல் பரவியிருந்தால், கீழ்ப்பக்கம் வெள்ளத்தில் ஊறியிருந்தால், அல்லது ஒரே பலகையில் மூன்று நான்கு பெரிய ஓட்டைகள் இருந்தால், ஒட்டுப் போடுவதில் பயனில்லை. காசும் நேரமும் மாற்றுவதில்தான் மிச்சமாகும். எட்டுக்கு நான்கு அடி, 12.5 மில்லிமீற்றர் பலகை ஒன்று 25 கிலோவை ஒட்டிய எடை. பலகையின் விலையை விட அதை முறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. முச்சக்கரவண்டியில் ஏறாது. லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் அடியில் மரப்பலகை விரித்து, படுக்கையாக வைத்து, மெதுவாக வர வேண்டும். எங்களுக்கு முதல் தடவை கிளிநொச்சியிலிருந்து வந்த மூன்றில் ஒன்று மூலை நொறுங்கித்தான் இறங்கியது.

மாற்றுவதென்று முடிவெடுத்தால், அதே பலகையைத்தான் போட வேண்டுமா என்றும் கேளுங்கள். குசினியை ஒட்டிய பக்கத்துக்குப் பச்சை நிற ஈரத்தாங்கிப் பலகை உண்டு. ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. குளியலறை ஓரத்துக்கும் கறையான் ஓயாத வீட்டுக்கும் சீமெந்து நார்ப்பலகை மேல். அதில் கறையான் விரும்பும் கடதாசி உறை இல்லை. ஆனால் அது கூடுதல் எடை, வெட்டும்போது எழும் தூள் நெஞ்சுக்குக் கேடு, முகக்கவசம் இல்லாமல் வெட்டக்கூடாது. அதில் விழும் ஓட்டைக்குக் காது வைத்த துண்டும் போட முடியாது. பிள்ளைகள் ஓடியாடும் உள்ளறைக்கு, பழுதானாலும் இலகுவில் திருத்தலாம் என்ற ஒரே காரணத்துக்காக நான் இன்னும் ஜிப்சத்தையே சொல்வேன்.

எதைப் போட்டாலும் பலகையின் அடியை நிலத்தில் முட்ட விடாதீர்கள். அரை அங்குலம் தூக்கி நிறுத்தி, இடைவெளியை அடிப்பட்டியால் மறையுங்கள். வீடு கழுவும் தண்ணீரைப் பலகை உறிஞ்சாது.

எங்கள் சுவரில் தட்டளவு ஒட்டு இப்போது இரண்டு மாரி கண்டுவிட்டது, டோர்ச் பிடித்துத் தேடினால்தான் இடம் தெரியும். கதவுக்குப் பின்னால் இறப்பர் தடுப்பும் வைத்தாயிற்று. ஆனால் யன்னலுக்குக் கீழே உள்ள பலகை, அந்த முதல் வருடம் நிலத்தில் முட்டி நின்றது, தட்டினால் ஒலி செத்துக் கேட்கிறது. அதை முழுதாக எடுக்கத்தான் வேண்டும். மருந்து போட்டுவிட்டோம். லாண்ட்மாஸ்டர் இப்போது காலபோக நெல் ஏற்றுகிறது. பங்குனியில் பெட்டி காலியானதும் பலகை ஏற்றப் போகிறோம்.